வோல்ட்டும் ஆம்பும் தெரிந்தால் போதும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, கம்ப்யூட்டரைப் பற்றியதாகவே இருப்பதில்லை. "கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?", "இந்த யுபிஎஸ் தாங்குமா?", "அயர்ன் பாக்ஸ் போடுகிற பிளக்கிலேயே இதையும் போடலாமா?", "சாயங்காலம் ஆனால் யுபிஎஸ் கீ கீ என்று கத்துகிறதே, ஏன்?" நான் எழுதுவது சாப்ட்வேர். ஆனாலும் என்ஜினியரிங் படித்தவன் என்பதால் வீட்டில் எது எரிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்தக் கேள்விகள் அனைத்திற்கும் விடை இரண்டு எண்களில் இருக்கிறது. ஒன்று வோல்ட், மற்றொன்று ஆம்ப். இந்த இரண்டும் தெரிந்தால் பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம். அவ்வளவுதான் கணக்கு.

வாட் = வோல்ட் × ஆம்ப்
ஓம் = வோல்ட் ÷ ஆம்ப்

பிளஸ் டூ லேபில் ரியோஸ்டாட்டைத் தள்ளித் தள்ளி ரீடிங் எடுத்தவர்களுக்கு இரண்டாவது வரி நினைவிருக்கும். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இது. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். வீட்டில்தான் அது உண்மையில் பயன்படும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைத் தண்ணீரை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து நம் ஊருக்குத் தண்ணீர் வருகிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அழுத்தம்தான் வோல்ட். குழாயில் ஓடுகிற தண்ணீரின் அளவு ஆம்ப். குழாய் ஒல்லியாக இருந்தால், துருப்பிடித்து அடைத்திருந்தால், அது ஓம். தெருவின் கடைசி வீட்டில் எப்போது தண்ணீர் நூல் மாதிரி வரும்? முன்னால் உள்ள வீடுகள் எல்லாம் குழாயைத் திறந்திருக்கும்போது. இந்தக் கடைசி வீட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் அங்கே போகப் போகிறோம்.

முதலில் ஸ்டிக்கரைப் படியுங்கள்

லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் என்ற இடத்தில் 19.5 வோல்ட், 3.33 ஆம்ப் என்பது போல அச்சிட்டிருப்பார்கள். பெருக்கினால் 64.9. கடையில் "65 வாட் சார்ஜர்" என்று கேட்கிறோமே, அது இதுதான். செல்போன் சார்ஜரில் 5 வோல்ட், 2 ஆம்ப் இருந்தால் 10 வாட். கம்ப்யூட்டரின் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் 5 வோல்ட், அரை ஆம்ப் என்பதே கணக்கு, அதாவது 2.5 வாட். யுஎஸ்பி 3.0 போர்ட்டில் 0.9 ஆம்ப், 4.5 வாட். கம்ப்யூட்டரில் சொருகினால் போன் ஏன் ஆமை வேகத்தில் சார்ஜ் ஆகிறது என்று இனி யாரையும் கேட்க வேண்டாம்.

அதே ஸ்டிக்கரில் இன்புட் என்று ஒரு வரி இருக்கும்: 100-240 வோல்ட், 1.7 ஆம்ப். இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். 240-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 408 வருகிறதே, சார்ஜர் 400 வாட் இழுக்குமா? இழுக்காது. 1.7 என்பது மிகக் குறைந்த மின்னழுத்தத்தில், அதாவது 100 வோல்ட்டில், அதிகபட்சமாக இழுக்கக்கூடிய அளவு. நம் ஊர் 230 வோல்ட்டில் அதைவிட மிகவும் குறைவாகத்தான் எடுக்கும். டெஸ்க்டாப்பின் எஸ்எம்பிஎஸ்-இல் 450 வாட் என்று எழுதியிருப்பதும் இப்படித்தான். அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு. கடையில் பத்துக் கிலோ பை வாங்கி வந்தால் தினமும் பத்துக் கிலோ காய் வாங்குகிறோம் என்று அர்த்தமா என்ன?

இந்தக் கணக்கு தெரிந்தால் கிடைக்கும் ஒரு சின்ன லாபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் பெட்டி மீது "பிஎம்பிஓ 800 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அடாப்டரைப் பாருங்கள்: 12 வோல்ட், 1 ஆம்ப். உள்ளே போவதே 12 வாட். வெளியே 800 எங்கிருந்து வரும்?

மீட்டர் பெட்டி சொல்லும் கணக்கு

உங்கள் கம்ப்யூட்டர் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய, பைசா செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரானிக் இபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக் கொண்டிருக்கும். அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். பல மீட்டர்களில் 3200, சிலவற்றில் 1600. வீட்டில் பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் ஓட விட்டு, ஐந்து நிமிடம் எண்ணுங்கள்.

என் டெஸ்க்டாப்பும் எல்இடி மானிட்டரும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் 22 சிமிட்டல். 22-ஐ 3200-ஆல் வகுத்தால் அந்த ஐந்து நிமிடத்தில் செலவான யூனிட். அதை 12-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு. 1000-ஆல் பெருக்கினால் வாட். விடை 82.5. தினமும் ஐந்து மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 60 நாள் என்றால் 300 மணி நேரம். ஆக ஏறத்தாழ 25 யூனிட். தமிழகத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்ததே, அதில் கால் பங்கு. பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. 1500 வாட் கீசரை ஒரு மணி நேரம் போட்டால் 1.5 யூனிட். அதே 1.5 யூனிட்டில் என் கம்ப்யூட்டர் 18 மணி நேரம் ஓடும்.

யுபிஎஸ் கடையில் ஏன் இரண்டு எண்?

என் பவர் மீட்டரில் இதே கம்ப்யூட்டர் 230 வோல்ட்டில் 0.6 ஆம்ப் காட்டியது. பெருக்கினால் 138. ஆனால் வாட் என்ற இடத்தில் 82 என்கிறது. கணக்கு தப்பா?

தப்பில்லை. அயர்ன் பாக்ஸ், கீசர் போன்ற வெறும் கம்பிச் சுருள் சாதனங்களில் பெருக்கிய விடையும் வாட்டும் ஒன்றே. எஸ்எம்பிஎஸ் அப்படியல்ல. ஏசி மின்சாரம் அலை அலையாக வருகிறது. அலையின் உச்சியில் மட்டும் சட்டென்று இழுத்துக்கொண்டு மற்ற நேரத்தில் சும்மா இருப்பது சாதாரண எஸ்எம்பிஎஸ்-இன் பழக்கம். அதனால் ஆம்ப் அதிகம் காட்டும், உண்மையான சக்தி குறைவு. வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி வருவதை விஏ என்பார்கள். 82-ஐ 138-ஆல் வகுத்தால் 0.59, இதற்குப் பெயர் பவர் பேக்டர். கொஞ்சம் விலை கூடிய எஸ்எம்பிஎஸ்களில் இதைச் சரி செய்யும் பகுதி உள்ளேயே இருக்கும். அவற்றில் இந்த எண் 0.9-க்கு மேல்.

யுபிஎஸ் பெட்டியில் 600 விஏ, 360 வாட் என இரண்டும் இருப்பது இதனால்தான். இரண்டில் எதையும் தாண்டக் கூடாது. கடைக்காரர் 600-ஐ மட்டும் சொல்வார். நீங்கள் 360-ஐக் கேளுங்கள்.

வயரும் பிளக்கும்

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டில் எரிவது, உருகுவது எல்லாம் இந்த இடத்தில்தான்.

1000 வாட் அயர்ன் பாக்ஸ், 230 வோல்ட்டில் 4.35 ஆம்ப் இழுக்கும். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். இது நமக்கு வேண்டிய இடத்தில் உள்ள தடை, துணியைத் தேய்க்கும் சூடு அதிலிருந்து வருகிறது. வேண்டாத இடத்தில் தடை இருந்தால்? லூசான பிளக், கருகிய சாக்கெட், சரியாக முறுக்காத வயர் ஜாயின்ட் எல்லாம் தடைகள்தான்.

சூட்டின் கணக்கு ஆம்ப் × ஆம்ப் × ஓம். மான்செஸ்டர் பக்கத்தில் பீர் ஆலைக் குடும்பத்தில் பிறந்த ஜூல் என்பவர் 1841-ல் எழுதியது. ஆம்ப் இரண்டு முறை பெருக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு பிளக்கில் அரை ஓம் லூஸ் இருக்கிறது என்று வைப்போம். கம்ப்யூட்டர் 0.6 ஆம்ப் எடுத்தால் அங்கே வரும் சூடு 0.18 வாட், தொட்டால்கூடத் தெரியாது. அதே பிளக்கில் 1500 வாட் கீசர் போட்டால் 6.5 ஆம்ப், சூடு 21 வாட். சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! ஈயத்தை உருக்குகிற சூடு கிட்டத்தட்ட அந்தச் சின்னப் பித்தளை முனையில் உட்கார்ந்திருக்கிறது.

எனவே "ஒரு வருஷமா கம்ப்யூட்டர் இந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்பதை வைத்துக்கொண்டு அதில் கெட்டிலையோ அயர்ன் பாக்ஸையோ சொருகாதீர்கள். கம்ப்யூட்டர் அந்தப் பாக்ஸைச் சோதிக்கவே இல்லை.

எக்ஸ்டென்ஷன் வயரின் கனமும் முக்கியம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு 0.017 ஓம் போலத் தடை உள்ளது. பத்து மீட்டர் வயர் என்றால் போக, வர இருபது மீட்டர், 0.34 ஓம். 6.5 ஆம்பில் 14 வாட் சூடு பத்து மீட்டருக்கும் பரவுகிறது, பரவாயில்லை. அதையே சுருட்டி மேஜைக்கு அடியில் வைத்தால் அந்த 14 வாட்டும் ஒரே இடத்தில் சேர்கிறது. மலிவு பாக்ஸ்களில் வயர் இதில் பாதி கனம்கூட இருக்காது, சூடு இரட்டிப்பு.

கடைசி வீடு

ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் என் பெரியப்பா இருக்கிறார். முருங்கையும் தக்காளியும் போடுகிறவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள் என்று ஒரு டெஸ்க்டாப் வாங்கினார். வாங்கிய மாதமே பிரச்சினை. மாலை ஆறு மணிக்கு மேல் யுபிஎஸ் கத்தும், பேட்டரிக்கு மாறும், பத்து நிமிடத்தில் எல்லாம் அணைந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு ஆன்லைன் தேர்வு வேறு நெருங்கிக் கொண்டிருந்தது. விற்ற கடையில் "பெரிய யுபிஎஸ்ஸா மாத்திருங்க" என்று ஐயாயிரத்துச் சொச்சத்துக்குக் கணக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ஏப்பா, நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொன்னா வாங்கிருவேன்" என்றார் பெரியப்பா.

"வாங்காதீங்க பெரியப்பா, ஞாயித்துக்கிழமை மீட்டர் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

அவர் வீடு அந்த லைனில் கடைசி. அதே டிரான்ஸ்பார்மரில் கிணற்று மோட்டார்களும் இருக்கின்றன. 5 ஹெச்பி மோட்டார் ஓடும்போது பேஸுக்கு ஏழெட்டு ஆம்ப்தான் எடுக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும், அதாவது 45 ஆம்ப். லைனில் பொதுவான பகுதியின் தடை அரை ஓம் என்றாலும் 45-ஐ அரையால் பெருக்கினால் 22 வோல்ட் சட்டென்று இறங்கும். கரண்ட் போய் வந்தவுடன் எல்லாக் கிணற்றிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் ஒரே சமயத்தில் போட்டால் கேட்கவே வேண்டாம். விளக்கு மங்கிப் பிரகாசமாவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இது ஊர் லைனின் குணம், நாம் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்குள் என்ன நிலைமை என்பதை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. மதிய நேரம், மோட்டார் எதுவும் ஓடாதபோது, சாக்கெட்டில் வோல்ட் பார்த்தேன்: 214. பக்கத்து சாக்கெட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டதும் 206. எட்டு வோல்ட் எங்கே போனது? வழியில் உள்ள வயரிலும் ஜாயின்ட்டிலும். அப்போது ஓடிய கரண்ட் 206-ஐ 53-ஆல் வகுத்தால் 3.9 ஆம்ப். எட்டை 3.9-ஆல் வகுத்தால் 2 ஓமுக்குச் சற்று மேல். நான்கைந்து முறை போட்டும் அணைத்தும் பார்த்தேன், ஏனென்றால் லைன் வோல்டேஜ் தானாகவும் ஆடும். ஒவ்வொரு முறையும் ஏழரை, எட்டு என்றே வந்தது.

திண்டுக்கல் டவுனில் எங்கள் வீட்டில் இதே பாக்ஸை வைத்துப் பார்த்தபோது 232-லிருந்து 230-தான் இறங்கியது. அரை ஓம்கூட இல்லை. கடைசி வீடு என்பதற்காகக் கொஞ்சம் கூட்டிக் கொண்டாலும் இரண்டு ஓம் என்பது அதிகம் என்று எனக்குப் பட்டது.

ஊரிலிருந்த லைசென்ஸ் பெற்ற வயர்மேனை வரவழைத்தோம். மெயினை அணைத்துவிட்டு வராந்தாவில் இருந்த மரப் போர்டைக் கழற்றினார். நியூட்ரல் லிங்க்கில் திருகு தளர்ந்து, வயர் நுனி கறுத்து, பின்னால் பலகையும் கொஞ்சம் கரியாகியிருந்தது. நுனியை வெட்டி, சுத்தம் செய்து, புது லிங்க் போட்டு இறுக்கினார். மறுபடி அதே சோதனை. 214, அயர்ன் பாக்ஸ் போட்டால் 210. ஒரு ஓம். ஆக அந்த ஒரே திருகில் ஒரு ஓம் இருந்திருக்கிறது. அயர்ன் பாக்ஸ் போடும் ஒவ்வொரு முறையும் 15 வாட் அந்த மரப் பலகையின் மீது வெந்துகொண்டிருந்தது. பெரியப்பா அந்தக் கரியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

மாலை வேளையில் இப்போதும் அங்கே வோல்டேஜ் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டில் கிரைண்டர் ஓடினாலும் அந்தப் பழைய யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுவதில்லை. தேர்வும் அதே யுபிஎஸ்ஸில் முடிந்தது. (மீட்டருக்கு முன்னால் உள்ள ஒயர், சீல் வைத்த பகுதி எல்லாம் இபி-யின் வேலை. அதில் கை வைக்காதீர்கள், புகார் கொடுங்கள். சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பழக்கமில்லாதவர்கள், சொருகினால் வோல்ட் காட்டும் சின்ன டிஸ்ப்ளே பிளக்கை வாங்கிக்கொள்ளலாம். பல யுபிஎஸ்களே முகப்பில் காட்டும்.)

இன்னொன்று. லோ வோல்டேஜில் எல்லாச் சாதனங்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 175 வோல்ட்டில் அயர்ன் பாக்ஸ் 3.3 ஆம்ப்தான் எடுக்கும். சக்தி 580 வாட்டுக்கு இறங்கிவிடும், துணியில் சுருக்கம் போகாது. கம்ப்யூட்டரோ அதே 82 வாட்டைக் கேட்டு வாங்கும். வோல்ட் குறைந்ததால் ஆம்பை ஏற்றிக்கொள்ளும், 0.6 இருந்த இடத்தில் 0.8. ஓம் கணக்குப் போட்டால் 230 வோல்ட்டில் 383, 175 வோல்ட்டில் 220 என்று வரும். ஆக எஸ்எம்பிஎஸ்-க்கு நிலையான ஓம் என்று ஒன்று கிடையாது. ஓம் விதியை அயர்ன் பாக்ஸுக்கும் வயருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

குண்டு பல்புகூட இதில் கொஞ்சம் குறும்புக்காரன். 60 வாட் பல்பு எரியும்போது கணக்குப்படி 880 ஓம். கழற்றி ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. சூடேறினால் டங்ஸ்டன் கம்பியின் தடை பல மடங்கு கூடும், அதுதான் காரணம். மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

பேட்டரி போய்விட்டதா?

2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது நான் பள்ளி மாணவன். இன்வெர்ட்டர், பேட்டரி என்ற வார்த்தைகளை ஊரே கற்றுக்கொண்டது அப்போதுதான். ஆனால் பேட்டரிக்கும் இதே கணக்குதான் என்பது பலருக்குத் தெரியாது.

யுபிஎஸ்ஸுக்குள் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்ப்-ஹவர் பேட்டரி இருக்கும். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84. என் கம்ப்யூட்டர் 82 வாட், எனவே ஒரு மணி நேரம் வரும் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அந்த 7 என்பது இருபது மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைப்பது. யுபிஎஸ்ஸின் சொந்த இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 9 ஆம்ப் ஓடும். அவ்வளவு வேகமாக இழுத்தால் புதிய பேட்டரியே இருபது நிமிடம் சொச்சம் வந்தால் அதிகம்.

பழைய பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 என்று நன்றாகத்தான் காட்டும், கரண்ட் போனால் ஒரே நிமிடத்தில் படுத்துவிடும். உள்தடை கூடிவிட்டது என்று பொருள். பிளக்கைப் பிடுங்கி, யுபிஎஸ்ஸிலிருந்து பேட்டரியை வெளியே எடுத்து, 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பை அதில் இணைத்துப் பாருங்கள். இரு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும். நான் பார்த்த புதிய பேட்டரி 12.8-லிருந்து 12.5-க்கு இறங்கியது, கரண்ட் 4.6 ஆம்ப். 0.3-ஐ 4.6-ஆல் வகுத்தால் 0.07 ஓம்கூட இல்லை. பழையது 12.6-லிருந்து 10.3-க்கு விழுந்தது, கரண்ட் 4.2. 2.3-ஐ 4.2-ஆல் வகுத்தால் 0.55 ஓம். அதை 9 ஆம்ப் கேட்டால் உள்ளேயே 5 வோல்ட் போய்விடும். யுபிஎஸ் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறது.

இந்த ரீடிங்குகளை எக்செல்லிலோ இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ ஒரு ஷீட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ காலத்தில் தேதி, பி காலத்தில் பல்பு போடாத வோல்ட், சி காலத்தில் போட்ட பின் வோல்ட், டி காலத்தில் ஆம்ப். ஈ காலத்தில் சமக்குறி போட்டு, பி-யிலிருந்து சி-யைக் கழித்ததை அடைப்புக்குறிக்குள் வைத்து, டி-யால் வகுத்திடவும். ஆறு மாதத்துக்கு ஒரு வரி சேர்த்தால் போதும், ஓம் எப்போது ஏறத் தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மாற்றும்போது பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம், கடையில் எடைக்கு விலை உண்டு, கேட்டு வாங்கிக் கழித்துக்கொள்ளுங்கள்.